இராமானுஜனின் சிலேட்டுப் பலகை

கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சனிக்கிழமை காலைதோறும் நான்கு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். அவர்களுள் ஒருவன் படிவம் நான்கில் படிக்கிறான். கூடுதல் கணிதத்தில் அரையாண்டுத் தேர்வில் தேறவில்லை. சென்ற மாதம் ஒரு நாள் பேச்சு கணித மேதை இராமானுஜன் பக்கம் திரும்பியது. அவர் கனவில் நாமகிரித் தாயார் தோன்றிச் சூத்திரங்களைச் சொன்னதாகத் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது கேட்டிருக்கிறானாம். அப்படி யாரும் கனவில் வராத தன்னைப் போன்றவர்கள் என்ன செய்வது என்று கேட்டான். மற்ற மூவரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை.

அதே வாரம் நானும் ஒரு புத்தகத்தில் சிக்கிக் கிடந்தேன். நான் இயற்பியல் இளங்கலை மாணவி. புள்ளியியல் இயக்கவியலில் ஒரு திட்டப்பணிக்காக, கன்ஃபார்மல் புலக் கோட்பாடு என்ற பாடத்தைச் சொந்தமாகப் படித்துக் கொண்டிருந்தேன். காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலில் இறங்கும் வரை அதே புத்தகம்தான். மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. எனக்கு இதெல்லாம் வராது என்று முடிவு கட்டும் நேரத்தில், சற்றும் எதிர்பாராத இடத்தில் இராமானுஜனின் பெயர் அந்தப் புத்தகத்தில் வந்தது. 1920-இல் மறைந்த கும்பகோணத்துக்காரருக்கு இந்தக் காலத்து இயற்பியலில் என்ன வேலை? அதைத் தேடிப் போனபோதுதான் அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் கிடைத்தது.

கும்பகோணத்துச் சிறுவன்

சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வருமானம் போதாததால் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த மாணவர்களிடமிருந்துதான் சிறுவன் இராமானுஜனுக்கு வயதுக்கு மீறிய கணிதப் புத்தகங்கள் கிடைத்தன.

1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். கல்லூரி மாணவர்கள் படிக்கும் லோனியின் திரிகோணகணிதப் புத்தகத்தைப் பதின்மூன்று வயதுக்குள் முடித்துவிட்டார். அந்தக் காலத்தில் அவர் தாமே ஒரு முடிவைக் கண்டுபிடித்தார். ஆய்லர் என்ற கணித அறிஞர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பிறகு தெரிந்ததும், வெட்கப்பட்டுத் தம் தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தாராம். மேதைக்கும் இந்த வெட்கம் உண்டு என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

விளக்கம் இல்லாத புத்தகம்

1903-இல், பதினைந்து வயதில், நண்பர் ஒருவர் வழியாகக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கைக்கு வந்தது. ஜி. எஸ். கார் என்பவர் எழுதியது. அவர் லண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த ஒரு டியூஷன் ஆசிரியர். அந்தப் புத்தகத்தில் ஏறக்குறைய 5,000 சூத்திரங்கள் வரிசையாக எண்ணிடப்பட்டு இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது. இருந்தாலும் ஒரு வரிக் குறிப்புதான். சுருக்கமாகச் சொன்னால், இன்று எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் நாம் புரட்டும் சூத்திரக் கையேட்டின் பெரிய அண்ணன்.

நம்மில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட புத்தகத்தை மனப்பாடம் செய்வோம். இராமானுஜன் ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். இது ஏன் உண்மை? இதை நானே எப்படி வருவிப்பது? வேறு எண்ணைப் போட்டால் என்ன ஆகும்? காகிதம் விலை அதிகம். எனவே சிலேட்டுப் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டார். முடிவு சரி என்று பட்டால் அதை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். நாமகிரித் தாயார் மீது அவருக்கு ஆழ்ந்த பக்தி இருந்தது உண்மை. கனவில் சூத்திரங்கள் தோன்றியதாக அவர் நண்பர்களிடம் சொன்னதும் உண்டு. அது அவருடைய நம்பிக்கை. ஆனால் பகல் முழுவதும் சிலேட்டில் போட்டு அழித்த பல்லாயிரம் வரிகளும் அவருடையவையே. அவை அழிந்துபோனதால் நம் கண்ணில் படுவதில்லை. நோட்டில் நின்ற முடிவுகளை மட்டும் பார்த்துவிட்டு, வானத்திலிருந்து விழுந்தவை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டு முறை தோல்வி

அந்தப் புத்தகத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதையும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகை பறிபோனது. 1905-இல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906-இல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-இல் மீண்டும் எழுதி மீண்டும் தோல்வி. உடலியங்கியல் பாடம் அவரைக் கவிழ்த்துவிட்டது. இன்று உலகில் பல பல்கலைக்கழகங்கள் பெருமையுடன் சொல்லும் அந்தப் பெயருக்குப் பின்னால், அப்போது ஒரு பட்டமும் இல்லை.

இந்த இடத்தை மேதையின் விசித்திரம் என்று சொல்லி நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அவர் வீட்டில் அன்று சோறு ஒரு பிரச்சினை. இருபது வயதில் வேலையில்லை. 1909-இல் ஜானகியம்மாளுடன் திருமணமும் ஆகிவிட்டது. அந்தக் கால வழக்கப்படி மணமகள் சிறுமி.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் என் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வேன். நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்களைத் தேடிப் போனார். 1910-இல் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைப் பார்த்தார். அவர் 1907-இல் இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கியவர். அவர் சென்னையிலுள்ள கணித நண்பர்களிடம் அனுப்பினார். அவர்கள் நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவிடம் அனுப்பினார்கள். தொடக்கத்தில் ஐயப்பட்ட அவர், நோட்டைப் பார்த்தபின் மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். 1911-இல் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது.

துறைமுகத்து எழுத்தர்

பிறர் கொடுக்கும் பணத்தில் நெடுநாள் இருக்க அவருக்கு மனமில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். போர்ட் கிள்ளான் அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் புதிய துறைமுகமாக இருந்தது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் கப்பலேறிய துறைமுகங்களுள் சென்னையும் ஒன்று. என் கொள்ளுத்தாத்தாவின் தலைமுறை அங்கே மூட்டையோடு நின்றிருந்த காலத்தில், அதே துறைமுகத்தின் அலுவலகத்தில் இராமானுஜன் பேரேடு எழுதிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும், சில நேரம் வேலைக்கு நடுவிலும், கணக்குப் போட்டார். மேலாளர் நாராயண ஐயரும் ஒரு கணிதப் பட்டதாரி. மாலையில் இருவரும் சிலேட்டோடு உட்கார்வார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார்.

அவர்கள் கொடுத்த தைரியத்தில் இங்கிலாந்தின் கணிதப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பேக்கர், ஹாப்சன் என்ற இருவரிடமிருந்து பயன் ஒன்றும் கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16 அன்று மூன்றாவதாக கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்கு எழுதினார். இரண்டு பேர் கைவிட்ட பிறகு மூன்றாவது கடிதத்தை எழுதுவது எவ்வளவு கடினம் என்பது, பயிற்சிப் பணிக்கு விண்ணப்பம் அனுப்பிய எந்தப் பல்கலைக்கழக மாணவருக்கும் தெரியும்.

ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் அந்தக் கடிதத்தைப் படித்தார்கள். சில முடிவுகள் ஏற்கெனவே தெரிந்தவை. சில புதியவை, வியப்பானவை. சில பிழையானவை. பகா எண்களைப் பற்றி அவர் எழுதியதில் தவறு இருந்தது. ஒரு தொடரின் குணகங்களுக்குத் துல்லியமான விடை தருவதாக எழுதிய இன்னொரு சூத்திரமும் தவறு. அந்தத் தவறான சூத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மறுபடி வரும்.

எழுதியவர் சாதாரண ஆள் அல்லர் என்று ஹார்டிக்குப் புரிந்தது. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று, குடுமியைக் களைந்து, மேல்நாட்டு உடை அணிந்து, நெவாசா என்ற கப்பலில் இராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

கேம்பிரிட்ஜில் அவர் இருந்த ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதி முதல் உலகப் போர்க்காலம். சைவ உணவு கிடைப்பது அரிது. குளிர் தாங்கவில்லை. ஆனாலும் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய வேலைகள் அங்கேதான் நடந்தன. அவற்றுள் ஒன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் கேள்வி.

4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 வழிகள். 5-க்கு 7 வழிகள். எண் வளர வளர வழிகள் மலைபோல் பெருகும். 100-க்கு 190,569,292 வழிகள். எண்ணி முடியாத இதற்குச் சூத்திரம் உண்டா?

கடிதத்தில் இருந்த அந்தத் தவறான சூத்திரம் இங்கேதான் கைகொடுத்தது. அது துல்லியமாக இல்லாவிட்டாலும் மிக நெருங்கியிருந்தது. ஏன் நெருங்கியது என்று ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து தோண்டியபோது ஒரு புதிய முறை பிறந்தது. இராமானுஜனின் ஊகமும் ஹார்டியின் நிரூபணப் பயிற்சியும் சேர்ந்த கூட்டுவேலை அது. பீரங்கிப் படையில் மேஜராக இருந்து கணிதத்துக்கு வந்த மேக்மஹோன் 200 வரை எல்லா எண்களுக்கும் கையாலேயே கணக்கிட்டுக் கொடுத்தார். 200-க்கு அவர் கண்ட விடை 3,972,999,029,388. சூத்திரத்தில் எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டியபோது அதே எண் வந்தது. பிழை ஆயிரத்தில் சில பங்குதான். அந்தக் கட்டுரை 1918-இல் வெளியானது.

நிரூபணம் தெரியாத அழகு

இன்னொரு முடிவு இராமானுஜனிடம் இந்தியாவிலிருந்தபோதே இருந்தது. அதை ஒரு விளையாட்டாகச் சொல்கிறேன். கோவிட் காலத்தில் ரயில் இருக்கைகளில் ஒன்று விட்டு ஒன்றில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்களே, நினைவிருக்கிறதா? ஒரு வரிசையில் 1, 2, 3 என்று எண்ணிட்ட இருக்கைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இருக்கைகளில் இருவர் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவர்களின் இருக்கை எண்களைக் கூட்டினால் 9 வரவேண்டும். எத்தனை வழிகள்? 9, 8+1, 7+2, 6+3, 5+3+1. மொத்தம் 5.

இப்போது முற்றிலும் வேறொரு கேள்வி. 1, 4, 6, 9, 11, 14 என, ஒன்றாமிடத்தில் 1, 4, 6 அல்லது 9 வரும் எண்களை மட்டும் வைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தி, 9-ஐ உண்டாக்குங்கள். 9, 6+1+1+1, 4+4+1, 4-உடன் ஐந்து 1, ஒன்பது 1. மறுபடியும் 5!

எந்த எண்ணை எடுத்தாலும் இரண்டு விடைகளும் ஒன்றாகவே வரும். இராமானுஜனுக்கு இது தெரியும். ஏன் என்று நிரூபிக்கத் தெரியவில்லை. ஹார்டி கேட்டுப் பார்த்தவர்களாலும் முடியவில்லை. மேக்மஹோன் 1916-இல் தம் நூலில் இதை நிரூபணம் இல்லாமலேயே அச்சிட்டார். 1917-இல் பழைய ஆய்விதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த இராமானுஜன், எல். ஜே. ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1894-இலேயே இதை நிரூபித்திருப்பதைக் கண்டார். யாரும் கவனிக்காமல் இருபத்து மூன்று ஆண்டுகள் அலமாரியில் கிடந்த கட்டுரை அது. சிறுவயதில் கூரையில் தாளை ஒளித்தவர், இம்முறை ஒளிக்கவில்லை. ரோஜர்ஸின் வேலையை வியந்தார். இருவர் கண்ட புதிய நிரூபணங்களும் சேர்ந்து 1919-இல் வெளிவந்தன. இன்று அவற்றை ரோஜர்ஸ்–இராமானுஜன் முற்றொருமைகள் என்கிறோம்.

திரும்பி வந்தவர்

1917-இலிருந்து உடல்நலம் கெட்டது. மருத்துவ இல்லம் மாற்றி மருத்துவ இல்லமாகப் படுத்திருந்தார். காசநோய் என்று மருத்துவம் பார்த்தார்கள். 1918-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோய்ப் படுக்கையில், பார்க்க வந்த ஹார்டியின் வாடகைக் கார் எண்ணான 1729 பற்றி அவர் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத இன்னொன்றைச் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில் படுக்கையிலிருந்தபடி அவர் பதில் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுனும், தம் தேவைக்கானதும் போக, மீதியை ஏழை மாணவர்களின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உதவித்தொகை பறிபோன வலியை அறிந்தவர் அல்லவா?

1919-இல் தாயகம் திரும்பினார். நோய் குறையவில்லை. ஆனால் கணக்கு நிற்கவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், போலித் தீட்டாச் சார்புகள் என்ற புத்தம் புதிய கண்டுபிடிப்பை விளக்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட ஜானகியம்மாள் 1994 வரை வாழ்ந்தார். அந்தக் கடைசி ஆண்டின் தாள்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். 1976-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோர்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றை டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் கண்டெடுத்தார்.

அறுபது ஆண்டுகள் கழித்து

இனி என் புத்தகத்துக்கு வருகிறேன். புள்ளியியல் இயக்கவியல் என்பது, கோடானுகோடி அணுக்கள் சேர்ந்தால் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று எண்ணிக்கையால் கணிக்கும் துறை. நீர் ஏன் திடீரென்று கொதிக்கிறது, சூடாக்கிய இரும்பு ஏன் 770 பாகை செல்சியசில் காந்தத் தன்மையை இழக்கிறது என்பவை அதன் கேள்விகள். அந்தத் துறையின் அடிப்படை வேலையே, ஆற்றலை எத்தனை விதமாகப் பங்கிடலாம் என்று எண்ணுவதுதான்.

1980-இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் பணியாற்றிய ரோட்னி பேக்ஸ்டர் ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டார். முக்கோணங்களால் ஆன ஒரு கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு அண்டைப் புள்ளிகள். ஒரு புள்ளியில் ஓர் அணு உட்கார்ந்தால், அண்டையில் உள்ள ஆறிலும் வேறு அணு உட்காரக் கூடாது. ஓர் அணு தன்னைச் சுற்றி ஓர் அறுகோணத்தையே பிடித்துக்கொள்வதால் இதற்குக் கடின அறுகோண மாதிரி என்று பெயர். அணுக்கள் குறைவாக இருந்தால் தாறுமாறாகக் கிடக்கும். கூட்டம் பெருகினால் ஒரு கட்டத்தில் வரிசை தானாக அமைந்துவிடும். அந்தத் திருப்பம் எப்போது?

பேக்ஸ்டர் கணக்கை முன்னெடுத்தபோது, அது ஒற்றை வரிசை இருக்கைகளாகச் சுருங்கியது. அடுத்தடுத்து உட்காரக் கூடாது. இருக்கை எண்களைக் கூட்ட வேண்டும். நாம் சற்று முன் விளையாடிய அதே விளையாட்டு! அந்தக் கூட்டலை முடித்துவைத்தவை ரோஜர்ஸ்–இராமானுஜன் முற்றொருமைகள். விடை கிடைத்தது: 100 புள்ளிகளில் ஏறக்குறைய 27.6 புள்ளிகள் நிரம்பும்போது திருப்பம். அணுக்களைப் பற்றியே நினைக்காமல் ஒருவர் கும்பகோணத்தில் சிலேட்டில் போட்ட கணக்கு, அவர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு அணுக்களின் நடத்தையைச் சொன்னது. 1984-இல் இதை விரிவாக்கிய பேக்ஸ்டர், ஃபாரஸ்டர் ஆகியோருடன் சேர்ந்த மூன்றாவது ஆள், தொலைந்த தாள்களைக் கண்டெடுத்த அதே ஆண்ட்ரூஸ்.

அதே 1984-இல்தான் பெலாவின், பாலியகோவ், ஸமோலோத்சிகோவ் என்ற மூன்று ரஷ்யர்கள் கன்ஃபார்மல் புலக் கோட்பாட்டின் அடித்தளத்தை அமைத்தார்கள். பெயர் அச்சுறுத்தும். கருத்து எளிது. பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்க்காட்டர் உலக வரைபடத்தைப் பாருங்கள். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரியும். பரப்பு மாறிவிடுகிறது. ஆனால் கோணங்கள் மாறுவதில்லை. திருப்பம் நிகழும் அந்தத் தருணத்தில் பொருளும் இப்படித்தான். சிறிய திட்டுகளும் பெரிய திட்டுகளும் எல்லா அளவிலும் கலந்திருப்பதால், பெரிதாக்கிப் பார்த்தாலும் தோற்றம் மாறாது. கோணம் மாறாமல் எப்படி இழுத்தாலும் விதிகள் மாறாது என்று எடுத்துக்கொண்டால், இரு பரிமாணத்தில் விடைகள் வியக்கத்தக்க அளவில் கைக்குள் வந்துவிடுகின்றன.

இதில் இராமானுஜன் எங்கே? வளையமாக மூடிய ஒரு வீணைத் தந்தியை நினையுங்கள். அதில் ஒரு திசையில் ஓடும் அதிர்வுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் சுரத்துக்கு 1 பங்கு ஆற்றல், இரண்டாவதற்கு 2 பங்கு, மூன்றாவதற்கு 3 பங்கு. மொத்தம் 4 பங்கு ஆற்றலை எத்தனை விதமாகப் பங்கிடலாம்? 4-ஐப் பிரிக்கும் அதே 5 வழிகள். இதுதான் மிக எளிய கன்ஃபார்மல் கோட்பாடு. 1918 சூத்திரத்தில் எண்ணிலிருந்து 24-இல் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். தந்தி அதிராமல் இருக்கும் நிலையின் ஆற்றலைக் கணக்கிட்டால், பூச்சியத்துக்குக் கீழே அதே 24-இல் ஒரு பங்கு! 1986-இல் ஜான் கார்டி இந்த வளர்ச்சி விதியை எல்லா இரு பரிமாணக் கன்ஃபார்மல் கோட்பாடுகளுக்கும் பொதுவாக்கினார்.

தற்செயல் அல்ல இது. உளுந்து வடை போன்ற ஒரு பரப்பைச் சுற்றி இரண்டு வழிகளில் போகலாம்: துளையைச் சுற்றி, அல்லது துளைக்குள் நுழைந்து. அப்படிப்பட்ட பரப்பில் ஓர் அமைப்பை வைத்து எந்த வழியாக எண்ணினாலும் கணக்கு ஒன்றாகவே வரவேண்டும். இப்படித் திருப்பிப் பார்த்தாலும் மாறாத சார்புகள்தான் இராமானுஜன் வாழ்நாள் முழுவதும் பழகியவை. ஹார்டியோடு அவர் கண்ட சூத்திரமும் இந்தப் பண்பிலிருந்தே பிறந்தது.

சனிக்கிழமை காலை

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வாரங்கள் ஆயின. ரயிலில் கதைப்புத்தகம் போலப் படித்தவரை எதுவும் ஏறவில்லை. பிறகு புத்தகத்தை மூடிவைத்து, ஒவ்வொரு வரியையும் நானே போட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் மாட்டிக்கொண்டேன். வெட்கத்தை விட்டு, அறிமுகமில்லாத ஒரு விரிவுரையாளருக்கு என் தவறான கணக்கையே இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் தவறு எங்கே என்று ஒரு வரியில் காட்டினார். அந்த வரிதான் மூன்றாம் அத்தியாயத்தின் கதவைத் திறந்தது.

ஆகவே அந்த மாணவனுக்கு நான் கனவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருக்கை விளையாட்டைச் சொல்லிக்கொடுத்து, 10-க்குப் போடச் சொன்னேன். முதலில் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 5 வந்தது. ஒன்றை விட்டுவிட்டான் என்று சொல்லாமல் காத்திருந்தேன். பத்து நிமிடங்கள் கழித்து 6+4 அவன் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் 6. தலையை நிமிர்த்தி, ஏன் அக்கா ஒன்றாக வருகிறது என்றான். இராமானுஜனுக்கே பல ஆண்டுகள் அது தெரியாது என்றேன். நம்பாமல் பார்த்தான். பிறகு, நான் சொல்லாமலே, தாளைத் திருப்பி 11-க்குப் போடத் தொடங்கினான்.

நீங்களும் போட்டுப் பாருங்கள்.